கோல் பட்டியலில் இல்லாதவர்கள்

1980 ஜூலை 29, மாஸ்கோ. ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா நான்கு, ஸ்பெயின் மூன்று. சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல், மகாராஜ் கிஷன் கௌஷிக் ஒன்று, முகமது ஷாஹித் ஒன்று. ஸ்பெயினின் மூன்றையும் ஹுவான் அமாட் ஒருவரே அடித்தார். இந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்தியாவின் எட்டாவது ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் அது. அந்த அணியின் கேப்டன் தமிழர், வாசுதேவன் பாஸ்கரன். பட்டியலில் அவர் பெயர் கிடையாது.

அவர் நின்ற இடம் லெஃப்ட் ஹாஃப். மைதானத்தின் இடது ஓரம், எதிரணியின் வலது விங்கர் பாய்ந்து வருகிற பாதை. ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. வளைந்த பின்பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது. இடக்கைக்காரர்களுக்கென்று தனி மட்டையும் கிடையாது. அதனால் இடப்புறம் நழுவும் பந்தைத் தடுக்க மட்டையைக் கண நேரத்தில் தலைகீழாகத் திருப்பியாக வேண்டும். அந்த ஓரத்தில் ஆட்டம் முழுக்க நிற்பவருக்குப் பாராட்டு அரிதாகத்தான் கிடைக்கும். அவர் வேலையைச் சரியாகச் செய்தால் பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் நடந்த மாதிரி இருக்காது. தவறினால் ஊர் முழுக்கத் தெரியும்.

அந்த ஜூலையில் சிப்பிகாட்டில் மழை விடவே இல்லை. அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகிற வழியில், நகரத்துக்குப் பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். 2024-இல் அரசு போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அப்பா அரசுப் பண்ணையில் வேலை பார்த்தார். எண்பது ஏக்கர் பண்ணை. கிராம்பு, ஜாதிக்காய், பட்டை, மிளகு, தென்னை. அப்பா வீட்டுக்குள் வந்தால் சட்டையில் பட்டை வாசம் அடிக்கும். டிரான்சிஸ்டரை அவர் ஜன்னல் கட்டையில் வைத்து, ஏரியலை அதன் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அகில இந்திய வானொலியின் இந்தி வர்ணனை அலையலையாக வந்து போனது.

பக்கத்து வீட்டுச் சாச்சா வாசலில் வந்து உட்கார்ந்தார். வனத்துறைத் தொழிலாளி. ராஞ்சிக்காரர். கடியா சமூகம். எங்கள் தீவில் தமிழர்களை மற்றவர்கள் "அண்ணா" என்று கூப்பிடுவது பழக்கம். சாச்சாவும் என் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார். வர்ணனையாளர் வேகவேகமாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனபோது "டுங் டுங்" என்று ஒரு பெயர் வந்தது. சாச்சா எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணா, கேப்டன் உங்க ஆளு. பின்னால நிக்கிறது எங்க ஆளு!"

சில்வானஸ் டுங் டுங். ஃபுல் பேக். பிஹார் ரெஜிமென்ட் சிப்பாய். சிம்டேகா பகுதியில் பிறந்தவர். சிம்டேகா இன்று ஜார்கண்டில் தனி மாவட்டம்; அன்று அது பிஹாரின் ராஞ்சி மாவட்டத்துக்குள் இருந்தது. டுங் டுங் என்பது கடியாக்களின் குலப்பெயர்களில் ஒன்று. பெயரைக் கேட்டதுமே சாச்சாவுக்கு மொழி, காடு, உறவு எல்லாம் தெரிந்துவிட்டது. கடலுக்கு இந்தப் பக்கம், பிறந்த மண்ணை விட்டு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, மழையில் நின்றுகொண்டு, மாஸ்கோவில் தன் குலத்துப் பெயர் உச்சரிக்கப்படுவதை ஒரு மனிதர் கேட்கிறார். அவர் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ராஞ்சி மக்கள் இந்தத் தீவுகளுக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1918 வாக்கில் காடு வெட்ட, மரம் இழுக்க, சாலை போட ஆட்கள் தேவைப்பட்டார்கள். சோட்டா நாகபுரியிலிருந்து உராவ், முண்டா, கடியா மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். பாராடாங், ரங்கத், மாயாபந்தர் என்று அந்தமானில் எந்தச் சாலையில் போனாலும் அதன் அடியில் அவர்கள் உழைப்பு கிடக்கிறது. அவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. தமிழர்களாகிய நாங்கள் சங்கம் வைத்தோம், கோயில் கட்டினோம், பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் கேட்டு வாங்கினோம். அவர்களுக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லை. அன்று மாலை வானொலியில் ஒரு பெயராவது வந்தது.

சாச்சா சொன்ன சிம்டேகாக் கதைகள் அப்புறம் பல வருடம் என்னோடு இருந்தன. அங்கே பையன்களும் பெண்களும் மூங்கிலை வளைத்து மட்டை செய்வார்கள். மரக்கட்டையைச் செதுக்கிப் பந்து. அறுவடை முடிந்ததும் ஊருக்கு ஊர் போட்டி. ஜெயித்த அணிக்குப் பரிசு ஒரு கிடா. போட்டிக்கே 'கஸ்ஸி' என்று அதைச் சொல்லித்தான் பெயர். ஆட்டம் முடிந்த இரவு அந்தக் கிடாவை ஊரே சேர்ந்து சமைத்துச் சாப்பிடும். மிஷன் பள்ளிகளின் முற்றங்களிலும் ஹாக்கிதான். அந்த மண்ணிலிருந்துதான் 1928-இல் ஆம்ஸ்டர்டாம் போன இந்திய அணிக்கு ஜெய்பால் சிங் முண்டா கேப்டன் ஆனார். குந்தி அருகே ஆதிவாசி கிராமத்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டு வரை படித்தவர், பிறகு அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காக நின்று பேசியவர். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் அந்த 1928-இல் வந்தது. எட்டாவதும் இதுவரை கடைசியுமானது 1980-இல். இரண்டு அணியிலும் சோட்டா நாகபுரிக்காரர் இருந்தார்.

சாச்சா வீட்டுப் பையன்கள் சிப்பிகாட்டில் கண்டல் வேரை வெட்டி மட்டை செய்தார்கள். கடலோரச் சேற்றில் வளைந்து இறங்கும் அந்த வேரில் இயற்கையாகவே ஹாக்கி மட்டையின் வளைவு உண்டு. காயவைத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் மட்டை தயார். நெல் அறுத்த வயல்தான் மைதானம். தாள்கட்டையில் பந்து பட்டு எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வயலில் பந்தை நிறுத்தக் கற்றவனுக்கு எந்த மைதானமும் பயமில்லை என்று சாச்சா சொல்வார்.

மாஸ்கோவுக்கு அடுத்த நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. நான் இடது ஓரத்தில் நிற்பேன், பாஸ்கரன். அவர்கள் வீட்டு மூத்தவன் பின்னால் நிற்பான், டுங் டுங். கோல் அடிக்கிற இடத்துக்குச் சண்டை போட ஆள் இருந்தார்கள். எங்கள் இரண்டு பேர் இடத்துக்கும் போட்டியே கிடையாது. அந்த இடங்கள் எங்களுக்கு அப்படிப் பிடித்துப் போயின.

பாஸ்கரனைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொண்டது பிற்பாடுதான், கப்பலில் வருகிற பழைய பத்திரிகைகளிலிருந்து. சென்னை லயோலா கல்லூரி மாணவர். தமிழ்நாட்டு ஹாக்கியின் நீண்ட வரிசையில் வந்தவர். அவருக்கு முன்னால் சென்னையின் விக்டர் ஜான் பீட்டர் 1960-இல் வெள்ளி, 1964-இல் தங்கம், 1968-இல் வெண்கலம் என்று மூன்று நிறத்துப் பதக்கமும் கண்டவர். முனீர் சேட் 1968-இல் ஆடினார். கிருஷ்ணமூர்த்தி பெருமாள் 1968, 1972 இரண்டிலும் ஆடினார். எழும்பூர் மைதானத்தில் முருகப்பா கோப்பை ஆட்டங்களுக்கு மாலையில் அலுவலகம் விட்டு நேராக வந்து உட்காரும் கூட்டம் அன்று உண்டு. ரயில்வே, வங்கி, போலீஸ், துறைமுகம் என்று வேலை கொடுத்து ஆட்டக்காரர்களைத் தாங்கிய காலம். ஆட்டத்தால் யாரும் பணக்காரர் ஆகவில்லை. மாதச் சம்பளமும் அடுத்த சனிக்கிழமை ஆட்டமும் இருந்தன.

1976-இல் மான்ட்ரியால் போன அணியில் பாஸ்கரன் இருந்தார். அந்த ஒலிம்பிக்கை நினைத்தால் பழைய ஹாக்கி ரசிகர்கள் இன்றும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 1928 முதல் 1972 வரை நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஏதாவது ஒரு பதக்கத்தோடு திரும்பிய நாடு, மான்ட்ரியாலில் ஏழாவது இடத்தில் நின்றது. ஒரு வருடம் முன்புதான் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றிருந்தோம். என்ன நடந்தது? தரை மாறியது. ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடினார்கள். பந்து வேகம் கூடியது, துள்ளல் ஒழுங்கானது. மேடு பள்ளமான புல்லில் பந்தை மட்டையோடு ஒட்டிக் கொண்டுபோகும் நம் வித்தைக்கு அங்கே விலை குறைந்தது. ஓட்டத்துக்கும் உடல் பலத்துக்கும் விலை ஏறியது. பணமுள்ள நாடுகள் ஊருக்கு ஊர் அந்தத் தரையை விரித்தன. நம் பையன்கள் மண்ணில் பழகிவிட்டு, வெளிநாடு போய்த்தான் அதில் கால் வைத்தார்கள்.

நான்கு வருடம் கழித்து பாஸ்கரன் தலைமை தாங்கிப் போன அணியில் பெரும்பாலோர் ஒலிம்பிக்கையே அதற்கு முன் பார்த்திராதவர்கள். மான்ட்ரியாலின் தோல்வியை உடம்பில் சுமந்தவர் கேப்டன். அந்தத் தோல்வி தெரிந்த ஒருவர் இடது ஓரத்தில் நின்றதுதான் அந்த அணிக்குப் பலம் என்று நான் நம்புகிறேன்.

மாஸ்கோத் தங்கத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் யாரும் ஹாக்கிக்கு வரவில்லை. ஆறே அணிகள். தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று இந்தியா அடித்ததைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஆறு அணியில் போலந்தும் ஸ்பெயினும் இருந்தன. இரண்டோடும் இந்தியா 2-2 என்று சமன்தான் செய்ய முடிந்தது. சோவியத் அணியை அதன் ஊரிலேயே 4-2 என்று வென்று இறுதிக்கு வந்தது. வராதவர்களோடு யாரும் ஆட முடியாது. வந்தவர்கள் எதிரில் நின்று, முழு நேரமும் ஓடி வென்றவர்களிடமிருந்து அந்த வெற்றியைப் பிடுங்க நமக்கு உரிமை இல்லை.

அந்த இறுதி ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். என் நினைவு எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. முதல் பாதியில் சோதியின் இரண்டு கோல். இரண்டாம் பாதியில் கௌஷிக்கின் மூன்றாவது. எங்கள் வீட்டில் டிரான்சிஸ்டர் அந்த நேரம் தெளிவாக இருந்தது. அப்பா வெற்றிலை மடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் அமாட் ஒன்று போட்டார், அடுத்து இன்னொன்று. 3-2. ஷாஹித் நான்காவதைப் போட்டதும் மூச்சு வந்தது. அமாட் மூன்றாவதையும் போட்டார். 4-3. மிச்ச நிமிடங்களில் வானொலியில் வந்த பெயர்கள் எல்லாம் தடுத்த பெயர்கள். சோதியின் பெயரும் ஷாஹித்தின் பெயரும் அரிதாகிவிட்டன. பந்து நம் பக்கமே சுற்றியது. ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்றுகிறபோது ஆட்டம் முழுவதும் பின்களத்துக்காரர்களுடையது. மணி ஒலித்தபோது சாச்சாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் இருவரும் அதற்கு முன்போ பின்போ அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஷாஹித் 2016 ஜூலையில் போய்விட்டார். இன்னும் இருந்திருக்க வேண்டியவர்.

ஒரு நாட்டில் விளையாட்டுக்காரர் ஓய்வு பெற்றால் என்ன ஆகிறார் என்ற கேள்வி எனக்கு வயதாக ஆகத்தான் பெரிதாகியது. அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டக்காரர்களைப் பற்றிப் படித்தபோது அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஹர்லிங்கும் மட்டையும் பந்தும்தான். ஆனால் பந்து தரையை விடக் காற்றில்தான் அதிகம் இருக்கும். சாம்பல் மரத்தில் செய்த அகன்ற மட்டை, தோல் தைத்த சின்னப் பந்து, அணிக்குப் பதினைந்து பேர். பந்தை மட்டை நுனியில் ஏந்திக்கொண்டே முழு வேகத்தில் ஓடுவார்கள். வலைக்குள் போனால் மூன்று புள்ளி, கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. 1884-இல் தர்லஸ் என்ற ஊரில் தொடங்கிய சங்கம்தான் இன்றும் அந்த ஆட்டத்தை நடத்துகிறது. டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் இறுதி ஆட்டத்துக்கு எண்பதாயிரம் பேருக்கு மேல் கூடுவார்கள். களத்தில் இருக்கும் ஒருவருக்கும் அதற்குச் சம்பளம் கிடையாது. மறுநாள் காலையில் ஒருவர் பள்ளிக்கூடம் போவார், ஒருவர் மாட்டுத்தொழுவம் போவார்.

கில்கென்னி மாவட்டத்தின் ஹென்றி ஷெஃப்லின் வங்கியில் வேலை பார்த்தவர். 1999-இல் மாவட்ட அணிக்கு வந்தார், 2015 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அதற்குள் அகில அயர்லாந்துப் பட்டம் பத்து முறை. 2010-இல் முழங்கால் தசைநார் கிழிந்த சில வாரங்களிலேயே இறுதி ஆட்டத்துக்கு இறங்கினார். கால் மணி நேரம்கூட நிற்க முடியாமல் வெளியே வந்தார். அணி தோற்றது. அடுத்த வருடம் திரும்பி வந்து பட்டம் வென்றார். ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தான் வளர்ந்த பாலிஹேல் ஊர் மன்றத்துக்கே பயிற்சியாளராகப் போனார். 2019-இலும் 2020-இலும் அந்தச் சின்ன ஊர் அயர்லாந்தின் மன்றப் பட்டத்தை வென்றது. அங்கே மன்றம் என்பது பங்குக் கோயிலைச் சுற்றியிருக்கிற மக்கள். கோயில் மணி கேட்கிற எல்லைக்குள் பிறந்தவன் அந்த மன்றத்துக்கு ஆடுவான். அதைப் படித்தபோது எனக்கு சிம்டேகாவின் மிஷன் முற்றங்கள் நினைவுக்கு வந்தன. அங்கேயும் ஆட்டம் ஊரின் சொத்து.

பாஸ்கரனும் பயிற்சியாளராகத்தான் திரும்பி வந்தார். பெற்றதைக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எல்லோரும் செய்வது அது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைத் தயார் செய்தவர் அவர். புனேயின் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை அந்த அணியில் இருந்தார். போலந்தை வென்றால் அரையிறுதி. இருபது வருடத்துக்குப் பிறகு அந்த வாசல் திறந்து கிடந்தது. 1-0 என்று முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது போலந்து சமன் செய்தது. மாஸ்கோவில் 2-2 என்று சமன் செய்த அதே போலந்து, இம்முறை 1-1. இந்தியா மறுபடியும் ஏழாவது. மான்ட்ரியாலில் ஆட்டக்காரராகக் கண்ட எண்ணைச் சிட்னியில் பயிற்சியாளராகவும் கண்டார் பாஸ்கரன். நடுவில் ஒரு தங்கம்.

அந்த ஆட்டத்தை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். கடைசி நிமிடங்களில் என் கண் பந்தை விட்டு விலகி இடது ஓரத்துக்கே போனது. வெளியே நின்றுகொண்டு அந்த ஓரத்தைக் காப்பாற்ற முடியாது. ஓய்வு பெற்ற ஆட்டக்காரருக்கு வாழ்க்கை வைக்கிற மிகக் கடினமான சோதனை அதுதான் என்று நினைக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இறங்கிச் செய்ய முடியாது. 2006-இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் அவர் பயிற்சியில் இந்தியா பதினொன்றாவது. அப்போது அவர் மீது விழுந்த வசவுகள் ஏராளம். மாஸ்கோவை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தோற்றாலும் திரும்பத் திரும்ப அந்த வேலைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த மனிதர் மீது என் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

சிட்னிக்கும் அந்த உலகக் கோப்பைக்கும் நடுவில் எங்கள் ஊரில் தரை மாறியது.

2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது. அலை வந்து போனதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கியதை அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. எங்கள் சிப்பிகாட்டில் வந்த கடல் திரும்பிப் போகவில்லை. வயல்கள் உப்பங்கழி ஆயின. தென்னையும் பாக்கும் நின்ற இடத்திலேயே பட்டுப்போய், வருடக்கணக்கில் தண்ணீருக்கு நடுவே தூண்கள் மாதிரி நின்றன. சாலையை மண் கொட்டி உயர்த்தினார்கள். நாங்கள் கண்டல் மட்டையோடு ஓடிய வயல் இன்று அலையேற்றத்தில் முழுகி, இறக்கத்தில் சேறாகத் தெரிகிறது. அதில் கண்டல் தானாக முளைத்திருக்கிறது. அந்தமான் தாராக்களும் கொக்குகளும் இறங்குகின்றன. பறவை பார்க்க வெளியூரிலிருந்து கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். அழகான இடம் என்று சொல்கிறார்கள். அழகுதான்.

மான்ட்ரியாலில் இந்திய ஹாக்கிக்கு நடந்ததும் எங்கள் வயலுக்கு நடந்ததும் என் மனதில் சேர்ந்தே கிடக்கின்றன. கால் பழகிய மண் ஒரே நாளில் வேறாகிவிடுகிறது. அப்புறம் என்ன செய்வது? சிம்டேகாவைப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. அங்கே மூங்கில் மட்டையை யாரும் கீழே போடவில்லை. சின்னப் பிள்ளைகள் மண்ணிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி மையமும் புதுத் தரையும் மெதுவாக வந்தன. அந்த மாவட்டத்தின் சும்ராய் தேதே இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கினார். அதே சிம்டேகாவின் சலீமா தேதே டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பிடித்த பெண்கள் அணியில் ஆடி, 2024-இல் இந்திய அணியின் கேப்டன் ஆனார். மூங்கில் மட்டையில் தொடங்கிய பெண் அவர்.

சில்வானஸ் டுங் டுங்குக்கு 2016-இல் தியான் சந்த் விருது கொடுத்தார்கள். மாஸ்கோவுக்கு முப்பத்தாறு வருடம் கழித்து. ஆகஸ்ட் 29, தேசிய விளையாட்டு நாள். அவருக்கு அறுபத்தேழு வயது. பாஸ்கரனுக்கு அர்ஜுனாவும் பத்மஸ்ரீயும் அந்த வெற்றியை ஒட்டியே வந்தன. பின்களத்தில் நின்ற சிப்பாய்க்கு இத்தனை காலம் பிடித்தது. செய்தி வந்தபோது சாச்சா உயிரோடு இல்லை. அவர் மகனுக்கு, என் பழைய ஃபுல் பேக்குக்கு, போன் செய்து சொன்னேன்.

"அப்பா இருந்திருக்கணும்" என்றான் தமிழில். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

2021 மே 8-ஆம் தேதியை மறக்க முடியாது. கொரோனாவின் இரண்டாம் அலை. மாஸ்கோ அணியின் ரவீந்தர் பால் சிங் அன்று லக்னோவில் இறந்தார். அன்றே டெல்லியில் கௌஷிக்கும் இறந்தார். ஒரே அணி, ஒரே தங்கம், ஒரே நாள், ஒரே நோய். இருவரும் அறுபதுகளில் இருந்தார்கள். ரவீந்தர் பால் நடுக்களத்தில் ஆடியவர், பாஸ்கரனுக்குப் பக்கத்து இடம். அவர் பெயரும் அந்தக் கோல் பட்டியலில் கிடையாது.

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 5, டோக்கியோவில் இந்தியா ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் வாங்கியது. நாற்பத்தொரு வருடத்துக்குப் பின் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம். அந்த அணியின் பின்களத்தில் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துப் பையன்கள் அமித் ரோஹிதாசும் பிரேந்திர லக்ராவும் நின்றார்கள். சுந்தர்கரின் எல்லையைத் தாண்டினால் சிம்டேகா. 2024-இல் பாரிஸில் மறுபடி வெண்கலம். எதிரில் ஸ்பெயின், 2-1. மறுபடி ஒரே ஒரு கோல் முன்னிலை, மறுபடி கடைசி நிமிடங்களில் தடுப்பவர்களின் ஆட்டம். கௌஷிக்கும் ரவீந்தர் பாலும் டோக்கியோவைப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. இறுதியில் மலேசியாவை இந்தியா 4-3 என்று வென்றது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பையன்கள் தேசிய அணியை எட்டிப் பிடிக்கத் தொடங்கியிருக்கும் காலம் இது. பாஸ்கரனின் ஊரில் மறுபடி ஹாக்கிக்குக் கூட்டம் சேர்வதைப் பார்த்தபோது அந்த மைதானத்துப் படிகளில் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது.

ஓய்வு பெற்ற ஆட்டக்காரரை நாம் எப்படி மதிக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை இது. அவர் அடித்த கோலை எண்ணுவதோடு நிற்காமல், அவரைப் பார்த்து எந்த ஊரில் எந்தப் பிள்ளை மட்டையைக் கையில் எடுத்தது என்று பார்க்க வேண்டும். பாஸ்கரன் சிப்பிகாட்டுக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. டுங் டுங்கும் அப்படியே. ஆனாலும் ஒரு மழைக்கால வயலில் ஒரு தமிழ்ப் பையனையும் ஒரு கடியாப் பையனையும் கோல் அடிக்காத இடங்களில் பெருமையோடு நிறுத்தியவர்கள் அவர்கள். "உங்க ஆளு", "எங்க ஆளு" என்று தொடங்கிய பேச்சு சில வருடங்களில் "நம்ம ஆளுங்க" என்று ஆனது. அதுவரை பண்ணை வேலைக்காரர் வீடு ஒரு வரிசை, வனத்துறைக்காரர் வீடு ஒரு வரிசை என்றிருந்த எங்கள் தெருவில் அந்தப் பேச்சுக்குப் பிறகு கல்யாணச் சாப்பாடு சேர்ந்தே நடந்தது. தங்கப் பதக்கம் செய்த காரியங்களில் இதையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

இந்தத் தீவுகளின் பிள்ளைகளால் முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சுனாமியில் தப்பிய கார் நிக்கோபாரின் டெபோரா ஹெரால்ட் சைக்கிள் பந்தயத்தில் உலகத் தரவரிசையில் நான்காவது இடம் வரை ஏறினார். ஈசோ ஆல்பென் 2019-இல் ஜூனியர் உலகச் சாம்பியன் அணியில் இருந்தார். யாரோ சைக்கிளைக் கொடுத்தார்கள், யாரோ பயிற்சி கொடுத்தார்கள், அவர்கள் மிதித்தார்கள். ஹாக்கிக்கு அந்த யாரோ இன்னும் வரவில்லை. இங்கே ராஞ்சி மக்களின் பேரப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் உறவினர்கள்தான் அங்கே இந்திய அணிக்கு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ரத்தம் ஒன்றுதான், மைதானம் மட்டும் இல்லை.

வயலைக் கடல் எடுத்துக்கொண்டது. மேட்டு நிலம் இருக்கிறது. பல கோடி ரூபாய் செயற்கைத் தரையை நான் முதலில் கேட்கவில்லை. சமப்படுத்திய ஒரு மண் மைதானம், இரண்டு கோல் கம்பம், முப்பது மட்டை, வாரத்தில் மூன்று மாலை வந்து நிற்கப் பழைய ஆட்டக்காரர் ஒருவர். சிம்டேகா அங்கிருந்துதான் தொடங்கியது, கோவில்பட்டியும் அங்கிருந்துதான் தொடங்கியது. அந்த மைதானத்தில் முதல் நாள் சேருகிற பிள்ளைகளிடம் மாஸ்கோவின் நான்கு கோலைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், அந்த நான்கையும் காப்பாற்றிய அணியில் கேப்டன் யார், பின்னால் நின்ற சிப்பாய் யார், இருவரும் எந்தெந்த ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பாஸ்கரனும் டுங் டுங்கும் நம்மிடம் எதுவும் கேட்டதில்லை. நாமாகச் செய்ய வேண்டிய கடமை அது. மைதானத்துக்கு இடம் பார்த்துக் கொடுக்கச் சொல்லி ஊரார் நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம்.